‘டெலிவர்டு’ என்று காட்டுகிறது, வாசலில் ஒன்றும் இல்லை: காணாமல் போன பார்சலை எங்கிருந்து தேடத் தொடங்குவது?

வாசலில் வைத்த பொருள் காணாமல் போவது வடசென்னைக்குப் புதிதில்லை. கேட்டில் மாட்டிய பையிலிருந்து ஆவின் பாக்கெட், படியில் விட்ட புதுச் செருப்பு, தண்ணி லாரிக்காக வரிசையில் வைத்த குடம் என்று எதையாவது தொலைக்காத குடும்பம் எங்கள் தெருவில் கிடையாது. பால் பாக்கெட் போனால் நாலு வார்த்தை திட்டிவிட்டு இன்னொன்று வாங்கிக்கொள்ளலாம். பார்சல் அப்படி இல்லை. யார் எடுத்தார்கள் என்ற கேள்விக்கு முன்னாலேயே, அது நம் கைக்கு வந்ததா இல்லையா என்பதில்தான் சண்டை தொடங்குகிறது.

நான் இருப்பது பழைய வண்ணாரப்பேட்டையில். ஆறு குடித்தனம், ஒரே மாடிப்படி, பகலில் பூட்டாத கேட். ஒருமுறை எனக்கு வரவேண்டிய மிக்சி ஜார் காணாமல் போய், அதன் பின்னால் மூன்று வாரம் அலைந்தேன். அதிலிருந்து கட்டடத்தில் யாருக்குப் பார்சல் வராவிட்டாலும் என் கதவைத்தான் தட்டுகிறார்கள். வருகிற எல்லோரும் சொல்வது ஒன்றுதான்: “யாரோ தூக்கிட்டாங்க.” கிளறிப் பார்த்தால் பல சமயம் யாரும் தூக்கியிருக்க மாட்டார்கள். வேறு தெருவில் இறங்கியிருக்கும், கீழ் வீட்டு பீரோவுக்குள் இருக்கும், அல்லது வண்டியை விட்டே இறங்கியிருக்காது. ஒவ்வொன்றுக்கும் பதில் சொல்ல வேண்டிய ஆள் வேறு. எனவே உங்களுக்கு என்ன தெரிகிறதோ அந்தத் தலைப்பிலிருந்து படியுங்கள்.

மெசேஜ் வந்துவிட்டது, பார்சல் கண்ணில் படவில்லை

கஸ்டமர் கேருக்குப் போன் போட வேண்டாம், இன்னும் நேரம் இருக்கிறது. முதலில் ஆப்பில் அந்த ஆர்டரைத் திறந்து முழுப் பக்கத்தையும் ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். நாளைக்கு அந்தப் பக்கம் இதே மாதிரி இருக்கும் என்று சொல்ல முடியாது. எடுத்த பிறகு நிதானமாக மூன்று விஷயம் பாருங்கள்: எத்தனை மணிக்கு டெலிவரி ஆனதாகக் காட்டுகிறது, யார் வாங்கியதாகப் போட்டிருக்கிறது, போட்டோ இருக்கிறதா.

நேரம் இப்போதுதான் என்றால், பொருள் வந்துகொண்டே இருக்கலாம். டெலிவரி பையன்கள் தெருமுனையிலேயே பட்டனை அழுத்திவிடுவது உண்டு. ஒரு நாளைக்கு இத்தனை என்று கணக்கு வைத்திருக்கிறார்கள். எண்ணூர் விரைவு சாலையில் கன்டெய்னர் லாரி வரிசையில் மாட்டினால் அந்தக் கணக்கு உதைக்கும். அதனால் சிலர் முதலில் அழுத்திவிட்டு, பொருளை மாலையிலோ மறுநாள் காலையிலோ கொண்டுவருவார்கள். செய்வது தப்புதான், ஆனால் திருட்டு இல்லை. போட்டோவும் இல்லை, உங்களிடம் ஓ.டி.பி.யும் கேட்கவில்லை என்றால் நான் இரண்டு மணி நேரம் பொறுக்கச் சொல்வேன். புகாரைப் பதிவதை மட்டும் மறுநாளுக்குத் தள்ளாதீர்கள். படுக்கப் போவதற்குள் பதிந்துவிட வேண்டும்.

யார் வாங்கியது என்ற இடத்தில் ‘செக்யூரிட்டி’ என்று போட்டிருந்தால், உங்கள் கட்டடத்தில் செக்யூரிட்டியே இல்லையென்றால், அந்த ஒரு சொல்லே உங்களுக்குச் சாட்சி. எங்கள் ஆறு குடித்தனத்துக்கு எங்கேயிருந்து செக்யூரிட்டி! அதையும் தனியாகப் படம் எடுத்து வையுங்கள்.

அப்புறம் தேடுங்கள். பையன்கள் நல்ல எண்ணத்தில்தான் ஒளித்து வைக்கிறார்கள், வைத்த இடத்தைச் சொல்ல மறந்துவிடுகிறார்கள். ஈ.பி. மீட்டர் பெட்டியின் மேல், மாடிப்படிக்குக் கீழே பழைய சைக்கிளுக்குப் பின்னால், செருப்பு ஸ்டாண்டின் கடைசித் தட்டு, காலி கேஸ் சிலிண்டருக்கும் சுவருக்கும் இடையில், மோட்டார் ரூம். என் தங்கையின் புடவை ஒன்று தண்ணீர் பிடிக்கும் பிளாஸ்டிக் டிரம்முக்குள் மூன்று நாள் கிடந்தது. நல்லவேளை, அது தண்ணி வராத வாரம்.

இதன் பிறகு அக்கம்பக்கத்தில் கேட்க வேண்டும். கேட்கும் விதத்தில் விஷயம் இருக்கிறது. “என் பார்சலைப் பார்த்தீங்களா?” என்று கேட்டால் எதிரில் இருப்பவருக்குச் சந்தேகப்பட்ட மாதிரிதான் கேட்கும். பார்த்திருந்தாலும் வாயைத் திறக்க மாட்டார். “ஆயா, எனக்கு வந்த பார்சல வாங்கி வச்சீங்களா? சிரமம் குடுத்துட்டேனே” என்று கேட்டுப் பாருங்கள். “ஆமாம்பா, மேல ஆளு இல்லன்னான். நான்தான் வாங்கி வச்சுக்கினேன். சொல்ல மறந்தே பூட்டேன்” என்று உள்ளேயிருந்து பெட்டி வந்துவிடும். கீழ் வீடு, எதிர் வீடு, இஸ்திரி வண்டிக்காரர், முனை மளிகைக் கடை அண்ணாச்சி என்று இந்த வரிசையில் போங்கள். எங்கள் தெருவில் இஸ்திரி அண்ணனுக்குத் தெரியாமல் ஒரு பைக் நுழைந்து வெளியே போக முடியாது.

டெலிவரி பையனின் நம்பர் ஆப்பிலோ கால் ஹிஸ்டரியிலோ இருந்தால் போன் செய்யுங்கள். அது பெரும்பாலும் நேர் நம்பராக இருக்காது. கம்பெனி வழியாகப் போகிற அந்த இணைப்பு சில மணி நேரத்தில் அறுந்துவிடும். எனவே இதைத் தள்ளிப்போட வேண்டாம். “எங்கப்பா என் பார்சல்?” என்று ஆரம்பித்தால் அவர் தன்னைக் காப்பாற்றிக்கொள்ளப் பார்ப்பார். “தம்பி, எந்த கலர் கேட்டுல வச்சீங்க, பக்கத்துல என்ன கடை இருந்துச்சு?” என்று கேளுங்கள். “பச்சை கேட்டு சார், பக்கத்துல மாவு மில்லு” என்று வந்தால் பாதி வேலை முடிந்தது, ஏனென்றால் உங்கள் கேட் நீலம். அந்தப் பையனுக்குச் சம்பளமே பார்சல் கணக்கில்தான். பொருள் போனால் சிலருக்குக் கையிலிருந்து பிடிப்பார்கள். அவர்களில் நிறையப் பேர் நேரில் வந்து தேடித் தருவார்கள், நான் பார்த்திருக்கிறேன். “போட்டுட்டேன் சார்” என்று கட் செய்கிறவரும் உண்டு. அவரோடு மல்லுக்கட்ட வேண்டாம், அடுத்த தலைப்புக்குப் போங்கள்.

போட்டோவில் இருக்கும் கதவு நம் கதவு இல்லை

இது திருட்டு இல்லை, முகவரிக் கோளாறு. வடசென்னையில் இதற்குக் காரணம் தேடி அலைய வேண்டியதில்லை. ஒவ்வொரு வீட்டுக்கும் பழைய எண், புது எண் என்று இரண்டு. உங்கள் புது எண் 29 என்றால், அதே தெருவில் வேறு எங்கோ ஒரு பழைய எண் 29 நிற்கிறது. நேதாஜி நகரில் ஒரு மூன்றாவது தெரு, நேரு நகரில் ஒரு மூன்றாவது தெரு. போதாததற்கு பின்கோடு: பழைய வண்ணாரப்பேட்டை 600021, தண்டையார்பேட்டை 600081, ராயபுரம் 600013, திருவொற்றியூர் 600019. எல்லையில் இருக்கிற தெருக்காரர்கள் தாத்தா காலத்துப் பழக்கத்தில் ஒன்றைப் போடுவார்கள். பார்சல் வேறு கிடங்குக்குப் போய், வேறு ஏரியா பையன் கையில் வந்து சேரும்.

போட்டோவைப் பெரிதாக்கி கிரில்லின் டிசைன், டைல்ஸ், கோலம், செருப்பு, மீட்டர் பெட்டி மேல் எழுதிய எண் என்று எல்லாவற்றையும் பாருங்கள். தெருப் பையன் ஒருவனிடம் காட்டினால் எந்த வீடு என்று பத்து நிமிடத்தில் சொல்லிவிடுவான். பழைய எண், புது எண் இரண்டையும் வைத்து அதே எண் உள்ள இன்னொரு வீட்டுக்கு நேரே போவது என் முதல் வேலை. தனியாகப் போகாமல், அந்த வீட்டுக்காரரைத் தெரிந்த ஒருவரைக் கூட்டிக்கொண்டு போங்கள். பெட்டியைப் பிரித்துவிட்டிருந்தாலும் பெரும்பாலும் கூச்சத்தோடு திருப்பித் தந்துவிடுவார்கள்.

கிடைக்கவில்லையென்றால், போட்டோவில் இருக்கும் கதவுக்குப் பக்கத்தில் உங்கள் கதவின் போட்டோவையும் வைத்துப் புகார் அனுப்புங்கள். இதைவிடச் சுலபமாக ஜெயிக்கிற புகார் கிடையாது.

அடுத்த முறைக்காக முகவரியைத் திருத்துங்கள். ‘பு. எண் 29, ப. எண் 14’ என்று இரண்டையும் எழுதுங்கள், மாடியையும் எழுதுங்கள், கேட்டின் நிறத்தையும் எழுதுங்கள். ஆப்பின் மேப்பில் ஊசியை வீட்டு வாசலில் நின்றுகொண்டு குத்துங்கள். ஆபீசில் உட்கார்ந்து குத்தினால் அது ஆபீஸைத்தான் பிடிக்கும். அடையாள இடத்திலும் கவனம் தேவை. தண்டையார்பேட்டைக்காரர்கள் இன்னமும் ‘அகஸ்தியா தியேட்டர் அருகில்’ என்று எழுதுகிறார்கள். தியேட்டர் 2020-இல் மூடியாகிவிட்டது. வேறு ஊரிலிருந்து வந்து போன மாதம் வேலைக்குச் சேர்ந்த பையனுக்கு அது எப்படித் தெரியும்? ‘டோல்கேட் பக்கத்தில்’ என்று ஏரியா பெயரை மட்டும் எழுதினால் அவர் சுங்கக் கட்டணம் வாங்கும் இடத்தைத் தேடுவார். மெட்ரோ ஸ்டேஷன் பெயரை எழுதுங்கள், அது எல்லா மேப்பிலும் இருக்கிறது.

போட்டோவில் நம் வாசல்தான், பெட்டியும் இருக்கிறது, நேரில்தான் இல்லை

இதுதான் நிஜமான திருட்டாக இருக்க வாய்ப்பு. இங்கே இரண்டு வேலை, இரண்டையும் ஒரே நாளில் செய்ய வேண்டும்: காமிராப் பதிவைப் பிடிப்பது, கம்பெனிக்குச் சரியான வார்த்தையில் எழுதுவது.

முதலில் காமிரா. சென்னையில் கடைக்கு ஒன்று, வீட்டுக்கு ஒன்று என்று காமிரா வந்துவிட்டது. ஆனால் பதிவைச் சேமிக்கும் டி.வி.ஆர். பெட்டி பழையதை அழித்துத்தான் புதியதைப் பதிகிறது. ஹார்ட் டிஸ்க் சிறியதாக இருந்தால் ஒரு வாரத்தில் உங்கள் நாள் போய்விடும். “அடுத்த ஞாயிற்றுக்கிழமை வாங்க, பார்க்கலாம்” என்று கடைக்காரர் சொன்னால், அன்றைக்குப் பார்க்க ஒன்றும் இருக்காது. பதிவைப் பார்க்கும்போது டி.வி.ஆர். திரையையும் உங்கள் செல்போனின் கடிகாரத்தையும் ஒரே படத்தில் வருமாறு எடுத்துக்கொள்ளுங்கள். நிறையப் பெட்டிகளில் நேரம் தப்பாக ஓடும், ‘மெசேஜ் 2.10-க்கு வந்தது, காமிராவில் 1.35 காட்டுகிறது’ என்ற குழப்பத்தை அந்த ஒரு படம் தீர்த்துவிடும். திரையைச் செல்போனில் வீடியோ எடுப்பதோடு நிறுத்தாமல் பென் டிரைவில் காப்பி வாங்குங்கள்.

வாசல் காமிராவில் பெரும்பாலும் தெரிவது ஹெல்மெட்டின் உச்சிதான். எனவே தெருமுனைக் கடையின் காமிராவைக் கேளுங்கள், வண்டி நம்பர் அங்கேதான் கிடைக்கும்.

கிடைத்த வீடியோவை ‘இவன்தான் திருடன்’ என்று தெரு வாட்ஸ்அப் குரூப்பில் போடாதீர்கள். எங்கள் கட்டடத்தில் ஒருமுறை ஒருவர் பட்டப்பகலில் பெட்டியை எடுத்துப் போனது பளிச்சென்று பதிவாகியிருந்தது. குரூப்பில் கொந்தளிப்பு. விசாரித்தால், அவர் மேல் வீட்டு ரிட்டர்ன் பொருளை எடுக்க வந்த வேறொரு கூரியர்காரர். வாசலில் இருந்த பெட்டிதான் ரிட்டர்ன் என்று நினைத்துவிட்டார். மறுநாள் பெட்டி திரும்பி வந்தது, அவர் முகம் மட்டும் எத்தனை போனில் சுற்றியதோ தெரியாது.

அடுத்தது கம்பெனிக்கு எழுதுவது. இங்கேதான் நம் ஆட்கள் தாங்களே வழக்கைக் கெடுத்துக்கொள்கிறார்கள். “எங்க வாசல்ல வச்ச பார்சலை யாரோ திருடிட்டாங்க” என்று எழுதினால், அவர்களுக்கு அது “நீங்கள் கொடுத்துவிட்டீர்கள், அதற்குப் பிறகு என்னிடமிருந்து போனது” என்று படும். உண்மையை முழுதாக எழுதுங்கள்: பொருள் என் கையில் கொடுக்கப்படவில்லை, நான் குறிப்பிட்ட யாரிடமும் கொடுக்கப்படவில்லை, வாசலில் வைத்துவிட்டுப் போக நான் சம்மதிக்கவில்லை, ஓ.டி.பி. கேட்கப்படவில்லை. இந்த நான்கில் உங்களுக்கு எது உண்மையோ அதை மட்டும் எழுதுங்கள். போனில் “வாசல்லயே வச்சிடு தம்பி” என்று நீங்களே சொல்லியிருந்தால் மூன்றாவது வரியை எழுத முடியாது. அந்த அழைப்பு பதிவாகியிருக்கலாம். என் மிக்சி ஜார் விஷயத்தில் நான் சொன்னது அதேதான். மூன்று வாரம் அலைந்ததற்குக் காரணம் திருடன் இல்லை, அந்த மூன்று சொல்.

பொருள் கைக்கு வரும்போது காசு கொடுக்கும் ஆர்டர், அதாவது சி.ஓ.டி., என்றால் கவலையே இல்லை. நீங்கள் பணம் கொடுக்கவில்லை, பொருள் அவர்களுடையது.

போலீஸ் ஸ்டேஷனுக்குப் போக வேண்டுமா? பொருளின் மதிப்பைப் பொறுத்தது. பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய நியாய சன்ஹிதாவில் திருட்டுக்கான பிரிவு 303. பொருள் 5,000 ரூபாய்க்குக் கீழ் என்றால் அது போலீஸ் தானாக வழக்குப் பதிந்து விசாரிக்கும் வகையில் வராது. முதல் முறை மாட்டியவர் பொருளைத் திருப்பிக் கொடுத்துவிட்டால் தண்டனையும் சமூக சேவைதான். எனவே பில்லை எடுத்துப் போங்கள். மதிப்பு என்ன என்பதுதான் அங்கே முதல் கேள்வி. எஃப்.ஐ.ஆர். போடாவிட்டாலும் மனு கொடுத்து சி.எஸ்.ஆர். ரசீது, அதாவது புகாரைப் பெற்றுக்கொண்டதற்கு ஸ்டேஷன் தரும் ரசீது, வாங்கிவிடுங்கள். “சின்னப் பொருள், விடுங்க” என்பார்கள். “பொருள் கிடைக்காட்டி பரவால்ல சார், கம்பெனிக்குக் காட்ட சி.எஸ்.ஆர். வேணும்” என்று பணிவாகச் சொன்னால் நடக்கிறது. அந்த ஒரு தாள் கம்பெனியின் பதிலை எப்படி மாற்றுகிறது என்று நானே பார்த்திருக்கிறேன். 5,000-க்கு மேல் என்றால், “அது எங்க லிமிட் இல்ல, பக்கத்து ஸ்டேஷன் போங்க” என்று அனுப்ப முடியாது. எல்லைக்கு வெளியே நடந்த குற்றமானாலும் தகவலைப் பதிய வேண்டும் என்பது குற்ற நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 173-ஆவது பிரிவு. ஒரே தெருவின் இரண்டு பக்கமும் இரண்டு ஸ்டேஷனுக்குப் போகிற ஊரில் இது தெரிந்திருப்பது நல்லது.

போனது செல்போன் என்றால் இன்னொரு வேலை. ஒவ்வொரு போனுக்கும் தனியாக உள்ள ஐ.எம்.இ.ஐ. எண் பில்லில் பெரும்பாலும் அச்சாகியிருக்கும். அந்த எண்ணோடும் போலீஸ் புகார் நகலோடும் மத்திய அரசின் சி.இ.ஐ.ஆர். தளத்தில் பதிந்தால் அந்தப் போன் இந்திய நெட்வொர்க் எதிலும் வேலை செய்யாமல் முடக்கிவிடலாம். பெட்டியே பிரிக்காத போன், எண் எப்படித் தெரியும் என்று பலர் விட்டுவிடுகிறார்கள்.

“உங்களுக்கு டெலிவரி ஆகிவிட்டது” என்று புகாரையே மூடிவிட்டார்கள்

சாட்டில் பதில் சொல்கிறவரோடு இரவு முழுக்க மாரடிக்க வேண்டாம். அவருக்கு அதற்கு மேல் அதிகாரம் கிடையாது. 2020-இல் வந்த மின்வணிக நுகர்வோர் பாதுகாப்பு விதிகளின்படி ஒவ்வொரு ஆன்லைன் கடையும் ஒரு குறைதீர் அலுவலரை வைத்து, அவர் பெயரையும் தொடர்பையும் தளத்தில் போட வேண்டும். புகார் கிடைத்ததை 48 மணி நேரத்துக்குள் ஒப்புக்கொண்டு, ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். தளத்தின் அடியில் கண்ணுக்குத் தெரியாத எழுத்தில் இருக்கும், தேடி எடுத்து அவருக்கு மெயில் போடுங்கள். பொருளை அனுப்பியதற்கும் ஒப்படைத்ததற்கும் ஆதாரம் கேளுங்கள்: யார் வாங்கினார், எந்த ஓ.டி.பி., டெலிவரி பதிவான இடத்தின் ஜி.பி.எஸ். என்ன. கேட்பவனுக்கு விவரம் தெரியும் என்று பட்டாலே பாதி கேஸ் இங்கே முடிகிறது.

முடியாவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. தமிழில் பேசலாம். அவர்கள் தீர்ப்புச் சொல்ல மாட்டார்கள், கம்பெனிக்கு அனுப்பிப் பதில் வாங்குவார்கள். கார்டில் பணம் கட்டியிருந்தால் இதற்கிடையே பேங்கிலும் ‘பொருள் கிடைக்கவில்லை’ என்று டிஸ்ப்யூட் போட்டுவிடுங்கள், அதற்குக் கெடு உண்டு.

அதற்கும் மேலே நுகர்வோர் ஆணையம். நமக்குச் சென்னை வடக்கு மாவட்ட ஆணையம் தனியாகவே இருக்கிறது. விற்றவர் குர்கானில் இருந்தாலும், நீங்கள் குடியிருக்கும் ஊரிலேயே வழக்குப் போடலாம் என்பதுதான் 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் கொடுத்த பெரிய வசதி. 5 லட்சம் ரூபாய் வரையான பொருளுக்குக் கட்டணம் இல்லை, வக்கீல் கட்டாயமில்லை, இ-ஜாக்ரிதி தளத்தில் வீட்டிலிருந்தே தாக்கல் செய்யலாம். இரண்டு வருடம் அவகாசம். எண்ணூறு ரூபாய் டி-ஷர்ட்டுக்கு இவ்வளவு தூரம் போவீர்களா என்றால், நான் போக மாட்டேன். வாஷிங் மெஷினுக்குப் போவேன்.

பெட்டி வந்தது, உள்ளே செங்கல்

சோப்புக் கட்டி, பழைய துணி, ஒருமுறை அரைக் கிலோ உப்பு. இது வாசல் திருட்டு இல்லை, வழியில் நடந்த கைவேலை. கொண்டுபோய்ச் சேர்க்கச் சொல்லி யாரிடம் பொருளை ஒப்படைத்தார்களோ அவரே எடுத்துக்கொண்டால் அது வெறும் திருட்டைவிடப் பெரிய குற்றம். சரக்கு கொண்டுசெல்பவர் செய்யும் நம்பிக்கை மோசடிக்கு பாரதிய நியாய சன்ஹிதாவின் பிரிவு 316-இல் 7 ஆண்டு வரை சிறை.

நமக்குத் தேவை வீடியோ. லேபிளில் தொடங்கி, நான்கு பக்கமும் டேப்பைக் காட்டி, நிறுத்தாமல் வெட்டாமல் ஒரே ஓட்டமாகப் பிரிக்க வேண்டும். லேபிளில் எடை போட்டிருந்தால் முனை அண்ணாச்சியின் தராசில் பெட்டியை வைத்து அதையும் எடுங்கள். இரண்டு அடுக்கு டேப், ஒன்றின் மேல் ஒன்று கோணலாக இருந்தால் வாங்காமலேயே திருப்பி அனுப்புங்கள். விலை உயர்ந்த பொருளுக்கு ‘ஓபன் பாக்ஸ் டெலிவரி’, அதாவது டெலிவரி பையன் முன்னாலேயே பெட்டியைத் திறந்து பார்க்கும் வசதி, இருந்தால் அதைத் தேர்ந்தெடுத்து, உள்ளே பார்த்த பிறகு ஓ.டி.பி. சொல்லுங்கள்.

ஓ.டி.பி. சொன்னேன், பார்சல் வரவில்லை. அல்லது கேட்காத பார்சல் வந்து நிற்கிறது

இது வேறு ஜாதித் திருட்டு. இங்கே பார்சல் ஒரு சாக்கு, குறி உங்கள் கணக்கு. “உங்க பேர்ல சி.ஓ.டி. வந்திருக்கு, வேணாமா? சரி, கேன்சல் பண்ண ஒரு நம்பர் வரும், சொல்லுங்க.” வீட்டில் இருக்கும் பெரியவர்கள், பையன் வாசலில் கால் கடுக்க நிற்கிறானே என்று இரக்கப்பட்டுச் சொல்லிவிடுகிறார்கள். நாம் ஆர்டரே செய்யாத பொருளைக் கேன்சல் செய்ய யாருக்கும் ஓ.டி.பி. சொல்ல வேண்டியதில்லை. அஞ்சலக முத்திரையோடு ‘உங்கள் முகவரி முழுமையாக இல்லை, இந்த இணைப்பில் 5 ரூபாய் கட்டவும்’ என்று வருவதும் இதே கூட்டம்தான். ஸ்டாரில் தொடங்கும் ஒரு எண்ணை டயல் செய்யச் சொன்னால், அது உங்கள் அழைப்புகளை அவர்களிடம் திருப்பிவிடும் வேலை. செய்துவிட்டால் உடனே ##002# போட்டு ரத்து செய்யுங்கள். பணம் போயிருந்தால் வேறு யாருக்கும் போன் செய்யும் முன் சைபர் குற்ற உதவி எண் 1930. எவ்வளவு சீக்கிரம் சொல்கிறீர்களோ அவ்வளவு பணம் வழியிலேயே நிற்க வாய்ப்பு.

நிஜமான ஓ.டி.பி.யைக்கூட, பெட்டி கையில் வந்த பிறகுதான் சொல்ல வேண்டும். “கீழ இருக்கேன் சார், நம்பர் சொல்லுங்க, வச்சிட்டுப் போறேன்” என்றால், ஓ.டி.பி. சொன்ன கணமே ஒப்படைத்ததாகக் கணக்கு. அதன் பிறகு மேலே சொன்ன புகார்கள் நிற்பது கஷ்டம். இறங்கிப் போய் வாங்குங்கள், அல்லது கீழ் வீட்டு ஆயா கையில் கொடுக்கச் சொல்லி, ஆயாவைப் போனில் பேசவைத்த பிறகு சொல்லுங்கள்.

மாதம் ஒன்றாவது போகிறது

அப்படியென்றால் கோளாறு வீட்டு அமைப்பில். எல்லோரும் முதலில் காமிரா வாங்குவார்கள். எனக்கு அதில் பெரிய நம்பிக்கை இல்லை. நடந்ததைக் காட்டும், நடக்காமல் தடுக்காது. வாங்குவதானால் தலைக்கு மேலே மாட்டாமல், படிக்கட்டில் ஏறுகிறவர் முகம் தெரியும் உயரத்தில் மாட்டுங்கள், எதிர் வீட்டு வாசலுக்குள் பார்க்காமல் திருப்புங்கள்.

எங்கள் தெருவில் உண்மையில் பலன் கொடுத்தது கூடை. மாடி வீட்டு அக்காக்கள் காய்கறி வண்டிக்காரரிடம் கயிறு கட்டிய கூடையை இறக்குவார்கள் இல்லையா, அதே கூடைதான். டெலிவரி பையன் கூப்பிட்டதும் கூடை இறங்கும், பார்சல் ஏறும், ஓ.டி.பி. சொல்லப்படும். பையனுக்கும் மூன்று மாடி ஏறும் வேலை மிச்சம்.

பகலில் ஆள் இல்லாத வீடு என்றால் முகவரியையே மாற்றுங்கள். வேலை செய்யும் இடம், அல்லது அண்ணாச்சி கடை. அண்ணாச்சியிடம் முன்கூட்டியே கேட்டுவிட்டு, மளிகையையும் அங்கேயே வாங்குங்கள், நியாயம் அதுதான். மாதக் கடைசியில் ஏதாவது கொடுக்கப் போனால் கோபித்துக்கொள்வார், பொங்கலுக்குப் பார்த்துக்கொள்ளலாம். விலை உயர்ந்ததை மட்டும் அவர் தலையில் கட்டாதீர்கள், நாள் பார்த்து வீட்டில் இருந்து வாங்குங்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் வாசலில் வைத்தது திருடு போகாவிட்டாலும் ஊறிப்போகும்.

புது டி.வி. பெட்டியை அப்படியே வாசலில் போடாதீர்கள். பெட்டியைப் பார்ப்பவருக்கு வீட்டுக்குள் என்ன வந்திருக்கிறது என்று தெரிந்துவிடும். பிரித்து மடக்கி, லேபிளைக் கிழித்துவிட்டு காயலாங்கடைக்குப் போடுங்கள்.

பணமும் திரும்பி வந்துவிட்டது, பார்சலும் கிடைத்துவிட்டது

இதுவும் நடக்கும். எதிர் வீட்டு அக்கா பார்சலை வாங்கி பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டு, அமாவாசைக்கு மேல்மலையனூர் போய், அப்படியே தாய் வீட்டுக்கும் போய்ப் பன்னிரண்டு நாள் கழித்து வந்தார். அதற்குள் கம்பெனி பணத்தைத் திருப்பிவிட்டது. பொருளையும் வைத்துக்கொண்டால், இத்தனை நாள் நாம் யாரைத் திட்டினோமோ அந்த இடத்தில் நாம் நிற்போம். கம்பெனிக்கு எழுதிச் சொல்லுங்கள். பணத்தைக் கட்டுவதா, பொருளை எடுத்துப்போக ஆள் அனுப்புவார்களா என்று கேளுங்கள். சி.எஸ்.ஆர். வாங்கியிருந்தால், பொருள் கிடைத்துவிட்டது என்று ஸ்டேஷனில் ஒரு கடிதம் எழுதிக் கொடுத்து முடித்துவிடுங்கள். எடுத்துப்போக வருகிற தம்பியிடம், பெட்டியைக் கொடுக்கும் முன்னால் ‘பெற்றுக்கொண்டேன்’ என்ற ரசீதோ மெசேஜோ உங்கள் போனுக்கு வந்துவிட்டதா என்று பாருங்கள். வராமல் கொடுத்தீர்கள் என்றால், மறுபடியும் முதல் தலைப்பிலிருந்து படிக்க வேண்டியிருக்கும்.